கறுப்பைக் கலந்தால் நிழல் ஆகிவிடுமா?

கேள்வி: கணினியில் கதாபாத்திரங்கள் வரைகிறேன். கோடு போட்டு அடிப்படை நிறம் நிரப்பும் வரை படம் நன்றாகத்தான் இருக்கிறது. நிழல் போட ஆரம்பித்ததும் முகத்தில் கரி பூசிய மாதிரி ஆகிவிடுகிறது. தோல் நிறத்தோடு கொஞ்சம் கறுப்பைக் கலந்துதான் நிழல் போடுகிறேன், அது தப்பா?

பதில்: அந்தக் கறுப்புதான் கரி! நிழல் என்றால் வெளிச்சமே இல்லாத இடம் என்று நினைத்துக்கொள்கிறோம், அப்படி இல்லை. ஒரு விளக்கின் வெளிச்சம் அங்கே எட்டவில்லை, அவ்வளவுதான். சுவர், தரை, போட்டிருக்கும் சட்டை என்று சுற்றியிருக்கும் எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அங்கே வந்துகொண்டேதான் இருக்கும். வெட்டவெளியில் நிற்கும் ஒருவர் மேல் விழும் நிழலுக்குள் வெயில் வராது, ஆனால் வானம் முழுக்க இருக்கும் நீலம் வரும், அதனால் அந்த நிழல் நீலம் சாய்ந்து தெரியும். எனவே நிழலுக்கு நிறம் எடுக்கும்போது அடர்த்தியை மட்டும் கூட்டாமல் நிறத்தையே கொஞ்சம் நகர்த்துங்கள். தோலுக்கு என்றால் சிவப்புப் பக்கமோ ஊதாப் பக்கமோ நகர்த்தலாம்.

தோலில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இருட்டறையில் டார்ச்சை விரல்களுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள், விரலோரம் சிவப்பாக எரியும். வெளிச்சம் தோலுக்குள் கொஞ்சம் நுழைந்து, உள்ளே சிதறி, சிவப்பேறி வெளியே வருகிறது. வெயில் பின்னால் இருக்கும்போது காது மடல் சிவப்பது இதனால்தான். ஆகவே வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் எல்லையில் மெல்லிசாக ஒரு சிவந்த பட்டை ஓட்டிப் பாருங்கள், முகத்துக்கு உயிர் வந்துவிடும். ரொம்பப் போட்டால் வெயிலில் வெந்த முகமாகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மல்டிப்ளை லேயரில், அதாவது கீழே இருக்கும் நிறத்தோடு தன் நிறத்தைப் பெருக்கி இருட்டாக்கும் அடுக்கில், நிழல் போடுபவராக இருந்தால், அதில் சாம்பல் நிறத்தை எடுக்காதீர்கள். கீழே இருக்கும் நிறத்தைச் சாம்பலால் பெருக்குவதும் கறுப்பைக் கலப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளிறிய ஊதாவோ மங்கிய நீலமோ எடுங்கள்.

கேள்வி: நான் ஓரங்களை எல்லாம் இருட்டாக்கி நடுவில் வெளிச்சம் விடுகிறேன். முகம் உருண்டையாகத் தெரிகிறது, ஆனால் என்னவோ பஞ்சு பொம்மை போல இருக்கிறது.

பதில்: நானும் ரொம்ப நாள் இப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பழைய படம் ஒன்றில் கண்ணில் வெள்ளைப் புள்ளி இடப்பக்கம், மூக்கின் நிழலும் இடப்பக்கம், அதாவது ஒரே அறையில் இரண்டு சூரியன்! காரணம் எளிது, விளக்கு எங்கே இருக்கிறது என்று முடிவு செய்யாமலே நிழல் போட உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் தனி லேயரில் ஒரு அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், படம் முடியும் வரை அதை அழிக்க வேண்டாம்.

விளக்கு இடப்பக்கம் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வலப்பக்கத்துக் கண்குழி, மூக்கின் வலப்புறமும் அடியும், கீழுதட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளம் எல்லாம் இருண்டுவிடும். மேலுதடு கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அது கீழுதட்டைவிட அடர்த்தியாக இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய நிழல் தாடையிலிருந்து கழுத்தில் விழும். கண்ணின் வெள்ளையை வெள்ளையாகவே விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. மேலிமையின் நிழல் விழியின் மேற்பகுதியில் ஒரு பட்டையாக விழ வேண்டும், இல்லையென்றால் கண் முகத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் போலத் தெரியும். விளக்கை இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனால் மூக்கின் நிழலும் கன்னத்து நிழலும் சேர்ந்து, இருண்ட கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோண வெளிச்சம் மட்டும் மிஞ்சும். புகைப்படக்காரர்கள் இதை இன்றும் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் பெயரால்தான் சொல்கிறார்கள்.

கேள்வி: நிழலின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டுமா, மழுங்கலாகவா? நான் எல்லாவற்றுக்கும் ஓரம் மழுங்கலாகப் பரவும் ஏர்பிரஷ்தான்.

பதில்: இரண்டும் வேண்டும். மேசை விளக்கின் கீழே ஒரு தாளில் பென்சிலை நிறுத்திப் பிடியுங்கள். நுனி தாளைத் தொடும் இடத்தில் நிழல் கத்தி வெட்டு மாதிரி இருக்கும், மேலே போகப் போக அதே பென்சிலின் நிழல் கலங்கிவிடும். நெற்றியில் ஒட்டிய முடியின் நிழலும் அப்படித்தான் கூர்மையாக விழும். ஆனால் கன்னம் மெல்ல வளைந்து வெளிச்சத்திலிருந்து விலகுவதால் வரும் நிழலுக்கு ஓரம் மழுங்கலாக இருக்க வேண்டும், உங்கள் ஏர்பிரஷ்ஷுக்கு வேலை அங்கே மட்டும்தான். அனிமேஷன் பாணியில் எல்லா நிழலையும் கூர்மையாகவே வெட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். ஆமாம், அங்கே நிழலின் வடிவமே எல்லா வேலையையும் செய்கிறது, அதனால் அந்த வடிவம் கொஞ்சம் பிசகினாலும் மூக்கு கோணிவிடும்.

கேள்வி: முடியில் ஹைலைட், அதாவது வெளிச்சம் பட்டு மினுங்கும் இடம், எப்படிப் போடுவது?

பதில்: ஒவ்வொரு இழையின் நீளத்துக்கும் கோடு இழுக்காதீர்கள். தலையின் வளைவோடு குறுக்கே ஒரு பட்டை போட்டு, அதை இழைகளின் போக்கில் அங்கங்கே உடைத்துவிடுங்கள். சுருட்டை முடி என்றால் ஒவ்வொரு சுருளுக்கும் அதனதன் சின்னப் பட்டை.

கேள்வி: இதெல்லாம் செய்தும் படம் தட்டையாகவே இருக்கிறதே?

பதில்: படத்தின் ஒரு நகலைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முகத்து நிழலும் சட்டையும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலந்து கிடந்தால் கோளாறு அங்கேதான். அதற்காகப் புதுப்புது நிறங்களைத் தேடி அலைய வேண்டாம். நிழல்களை எல்லாம் இன்னும் ஒரு படி இருட்டாக்குங்கள், அப்புறம் நிழலுக்குள் நீங்கள் ஆசையாகப் போட்டு வைத்திருக்கும் சின்னச் சின்ன மினுக்கல்களில் பாதியை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள்.