நொய்யலில் குப்பை அள்ளுவதால் பயன் உண்டா?

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இரண்டு வருடமாக நாங்கள் பதினைந்து இருபது பேர் சேர்ந்து, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நொய்யல் கரையில் குப்பை அள்ளுகிறோம். பிளாஸ்டிக், கட்டிங் வேஸ்ட், தெர்மோகோல், கோழிக்கழிவு மூட்டை என்று எல்லாம் கிடக்கும். காலை ஆறு மணிக்கு இறங்கினால் பத்து மணிக்குள் ஒரு டிராக்டர் நிறைந்துவிடும். அடுத்த முறை போனால் அதே இடத்தில் அதே அளவு குப்பை.

போன மழையின்போது நாங்கள் சுத்தம் செய்த இடத்திலேயே தண்ணீர் கருநீலமாக நுரை தள்ளிக்கொண்டு போனது. பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "இதெல்லாம் ஆகிற காரியமில்லீங்க தம்பி" என்றார். அதற்குப் பிறகு குழுவில் பாதிப் பேர் வருவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. என் சம்பளம் இந்தத் தொழிலில் இருந்துதான் வருகிறது. அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். 2011-ல் பட்டறைகளை மூடியபோது வீட்டில் பட்ட கஷ்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆற்றைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். இந்த வேலையால் ஏதாவது பயன் உண்டா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

க., திருப்பூர்

அன்புள்ள க.,

பயன் உண்டு. ஆனால் டிராக்டர் கணக்கில் தேடினால் அது கண்ணில் படாது. எங்கே தேட வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் என் மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் தாய்மாமாவின் தோட்டம் சென்னிமலைக்குத் தெற்கே, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ்ப்பக்கம். 1992-ல் அந்த அணையைக் கட்டி முடித்தபோது அந்தச் சுற்று வட்டாரத்துக்கே கொண்டாட்டம். மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைத்த பூமிக்கு ஆற்றுத் தண்ணீர் வரப்போகிறது என்றால் சும்மாவா? ஆனால் அந்த அணையில் தேங்கியது திருப்பூரின் சாயத்தண்ணீர். சில வருடங்களுக்குள் மாமா வீட்டுக் கிணற்று நீரில் டீ போட்டால் பால் திரிந்தது. சோறு மஞ்சளாகிப் போனது. மாடுகள் தொட்டியில் வாய் வைத்துவிட்டு உடனே தலையை எடுத்துக்கொள்ளும். லீவுக்குப் போகிற எனக்கு இளநீர் வெட்டித் தரும் மாமா, ஒரு வருடம் வெட்டித் தரவில்லை. ஏன் என்று கேட்டேன். "உப்புக் கரிக்குது சாமி" என்றார்.

அணையைத் திறந்துவிட்டால் கரூர் வரைக்கும் கீழே இருக்கிற பயிர் கருகும். திறக்காமல் வைத்திருந்தால் சுற்றியுள்ள கிணறுகளில் இறங்கும். பாசனத்துக்காகக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே கெஞ்ச வேண்டிய நிலைமை வந்தது. வேறு எந்த ஊரிலாவது இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மாமா கூட்டத்தில் எழுந்து பேசக்கூடியவர் இல்லை. ஒரு காரியம் மட்டும் செய்தார். என் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் மிச்சமிருந்த பக்கங்களில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்தார். இன்றைக்குத் தண்ணீர் சிவப்பு. இன்றைக்கு நுரை முழங்கால் உயரம். கிழக்கு வரிசையில் ஏழு தென்னை குரும்பை கொட்டிவிட்டது. ஆயக்கட்டுதாரர்கள், அதாவது ஆற்றுப் பாசனத்தில் நிலம் உள்ளவர்கள், கூட்டம் நடத்தும்போதெல்லாம் அந்த நோட்டை மடியில் செருகிக்கொண்டு போவார். அவரைப் போல ஊருக்கு ஊர் ஆட்கள் இருந்தார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் தேதி எழுதி ஒட்டி வைத்தவர்கள் இருந்தார்கள்.

அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே வார்த்தை, உப்பு. அந்த நாளில் அது யார் காதிலும் ஏறவில்லை. சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது, நிறத்தை எடுத்துத்தான் விடுகிறோம் என்று பதில் வந்தது. நீங்கள் தொழிலில் இருப்பவர், உங்களுக்கே தெரிந்திருக்கும். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறம் என்றால் ஒரு லிட்டர் சாயத்தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேல் போட வேண்டியிருக்கும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயம் ஏறி முடிந்ததும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பைப் போட்டு நிறத்தை இறக்கலாம், நுண்ணுயிரை விட்டு அழுகக்கூடிய கழிவைக் குறைக்கலாம். கரைந்த உப்பு இந்த இரண்டுக்கும் அசையாது. அதைப் பிடிக்க ஆர்.ஓ., அதாவது நீரை அழுத்தி மெல்லிய சவ்வு வழியே வடிகட்டும் இயந்திரம், வேண்டும். ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் கடும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க எவாப்பரேட்டர் வேண்டும். எல்லாம் பெரிய செலவு. அதனால் ஆரம்பத்தில் வந்த பொது சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தோடு நின்றுவிட்டன. பார்க்கத் தெளிவாக இருந்த தண்ணீரிலும் உப்பு அப்படியே இருந்தது. வெளியேற்றும் நீரில் கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த விதி காகிதத்தில் இருந்தது.

எழுதப் படிக்க மட்டும் தெரிந்த விவசாயி சொன்ன நோய்க்காரணம்தான் கடைசியில் சரி என்று ஆனது. தொண்ணூறுகளிலேயே கரூர்ப் பக்கத்து விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். அப்புறம் நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் போட்ட வழக்கில், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே வரக் கூடாது என்ற நிலைக்குப் பட்டறைகள் மாற வேண்டும் என 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயப்பட்டறைக்காரர்கள் மேல்முறையீடு போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அதற்குப் பிறகும் கழிவு நிற்கவில்லை. உங்கள் வீட்டில் அடுப்பு அணைந்த அந்த நாள், 2011 ஜனவரி 28, உயர் நீதிமன்றம் பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்ன நாள். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்த வரியைப் பலமுறை படித்தேன். அந்த வருடம் உங்கள் வீட்டில் நடந்ததும், அதற்கு முன்னால் பதினைந்து வருடம் மாமா வீட்டில் நடந்ததும் ஒரே தவறின் இரண்டு முனை. கழிவைச் சுத்திகரிக்கும் செலவை ஆரம்பத்திலேயே துணியின் விலையில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. முதலில் அதை விவசாயி தலையில் கட்டினார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் அங்கே ஏற்ற முடியாமல் போனபோது அது தொழிலாளி தலையில் விழுந்தது. விவசாயிகள் வழக்குப் போட்டதால் உங்கள் அப்பாவுக்கு வேலை போனது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இருபது வருடம் தள்ளிப்போட்டதால் போனது.

இதே மாதிரி ஒரு வழக்கு பாலாற்றிலும் நடந்திருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1996-ல் அதில் வந்த தீர்ப்பில்தான், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுகட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. இன்று எந்த ஆற்றுக்காக யார் வழக்குப் போட்டாலும் வேலூர்க்காரர்கள் பெற்றுத் தந்த அந்தத் தீர்ப்பைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

சரி, உங்கள் குழுவுக்கு வருகிறேன். இரண்டு வருடமாக மாதம் இரண்டு முறை ஆற்றில் இறங்கும் பதினைந்து பேர் என்பது சாதாரண விஷயம் இல்லை. எந்த இடத்தில் எப்போது நாற்றம் மாறும், எந்தப் பள்ளம், அதாவது ஓடை, வந்து சேரும் இடத்தில் நுரை தொடங்குகிறது என்று ஒரு அதிகாரிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். அதை ஏன் எழுதி வைக்கவில்லை? அன்று கருநீலத் தண்ணீர் போனபோது நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். இடம், தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி போட்டோ எடுங்கள். பாக்கெட்டில் வைக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐந்து இடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பள்ளமும் சேர்வதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அமைந்தால் நல்லது. போகும்போதெல்லாம் அதே இடங்களில் அளந்து எழுதுங்கள். மேலே 900, கீழே 3500 என்று காட்டினால் நடுவில் என்ன கலக்கிறது என்று கேட்க உங்களிடம் ஒரு கேள்வி இருக்கும். மீட்டர் காட்டுவதை நீதிமன்றம் அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது என்பது உண்மை. ஆனால் எங்கே, எப்போது வந்து மாதிரி எடுக்க வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் கேட்க அது போதும். வாரியம் அசையவில்லை என்றால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. குழாய் தேடிக்கொண்டு யாருடைய காம்பவுண்டுக்குள்ளும் போகாதீர்கள். ராத்திரியில் தனியாகப் போகவே வேண்டாம். சந்தேகத்தை வைத்து ஒரு பட்டறையின் பெயரை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். உங்கள் நோட்டின் மதிப்பு அதோடு போய்விடும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும், ஆற்றில் வருவது எல்லாம் சாயம் இல்லை. நொய்யல் மழைக்காலத்து ஆறு. மற்ற மாதங்களில் திருப்பூருக்குள் ஓடுவதில் பெரும்பகுதி கோவையிலும் திருப்பூரிலும் நம் வீடுகளில் இருந்து போன சாக்கடை. ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும் இடங்களைப் பாருங்கள், அது சாக்கடையின் சத்தில் வளர்வது.

குழுவில் பாதிப் பேர் நின்றுவிட்டது பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். கோவையில் 2017-ல் பேரூர்ப் பெரியகுளத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மண்வெட்டியோடு இறங்கியவர்களும் இப்படித்தான் கூடிக் குறைந்து நிலைத்தார்கள். உங்கள் ஊரிலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறது. நல்லாற்றுத் தண்ணீர் வந்து நிற்கும் அந்தக் குளத்தில் பறவைகளை வருடக்கணக்கில் எண்ணி எழுதிவைத்தவர்கள் திருப்பூர்க்காரர்கள். அது பறவைகள் சரணாலயமானது, 2024-ல் உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கேயும் வேலை ஒரு நோட்டில்தான் தொடங்கியது.

கடைசியாக, தகுதி. மெர்ச்சண்டைசர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எந்த ஆர்டருக்குத் துணி எந்தப் பட்டறையில் சாயமேறப் போகிறது என்று தெரிந்த ஆள் நீங்கள். ஜாப் ஒர்க் கொடுக்கும் முன் அந்தப் பட்டறை எந்தப் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர், வாரியத்தின் அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு, அந்தக் காகிதத்தை ஆர்டர் பைலில் வையுங்கள். கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துச் செய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தால், எப்படி முடிகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தச் சில ரூபாய்தான் ராத்திரி மழையில் ஆற்றில் போகிறது. முறையாகச் செலவு செய்து உப்பைக் காய்ச்சி எடுக்கும் பட்டறைக்காரர்கள் இதே ஊரில் இருக்கிறார்கள். அந்த உப்பைக் கொட்ட இடமில்லாமல் அவர்கள் படுகிற பாடு தனி. அவர்களுக்கும் நீங்கள் கேட்கும் இந்தக் கேள்வி துணையாக இருக்கும். கரையில் நின்று என்னால் கேட்க முடியாததை உங்கள் மேஜையில் இருந்து உங்களால் கேட்க முடியும்.

ஆடிக்கு ஊருக்கு வருகிறேன். மாமா இப்போது இல்லை, கிணறு இருக்கிறது. அதிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து வருகிறேன். மீட்டர் வாங்கி வையுங்கள். முதல் பக்கத்தில் அதை எழுதிக்கொள்ளலாம்.