இரண்டு என்ஜின், ஒரே வேகம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் படகில் ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் இரண்டு. சிங்க்ரனைசரை (இரண்டு என்ஜினின் வேகத்தையும் சமமாக்கும் கருவி) போட்ட பிறகும் இடது மீட்டர் 2400, வலது மீட்டர் 2500 காட்டுகிறது. சிங்க்ரனைசர் போய்விட்டதா? (பினாங்கு வாசகர்)

மீட்டரை விடக் காதை நம்புங்கள். நான்கு ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று எரிப்பு. வேகத்தில் 20 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வித்தியாசம் இருந்தால் சத்தம் நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். உங்கள் மீட்டர் காட்டும் 100 ஆர்.பி.எம். உண்மையானால் நொடிக்கு ஐந்து தடவை விம்ம வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் இரைச்சல் ஒரே சீராக இருந்தால் சிங்க்ரனைசர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, தப்பு மீட்டரில்தான்.

ஆல்டர்னேட்டரிலிருந்து (பேட்டரிக்கு மின்சாரம் தரும் கருவி) சிக்னல் எடுக்கும் மீட்டரில் இது அடிக்கடி வரும். பெல்ட் வழுக்கினால் வேகம் குறைவாகக் காட்டும். ஆல்டர்னேட்டரை மாற்றியபோது வேறு அளவு புல்லி வந்திருந்தாலும் கணக்கு மாறிவிடும். மீட்டரின் பின்னால் திருகும் செலக்டர் இருந்தால், அது எந்த எண்ணில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, நாலைந்து தடவை இரு பக்கமும் திருப்பி, பழைய இடத்திலேயே விடுங்கள். உள்ளே பிடித்த களிம்பு போகும். கடைசியாக, கிராங்க் புல்லியில் ஒளி பிரதிபலிக்கும் டேப் ஒட்டி, கையடக்க ஒளி டேக்கோமீட்டரால் இரண்டையும் அளந்துவிடுங்கள்.

கேள்வி: கேபிள் வகைப் பழைய சிங்க்ரனைசர். சுவிட்சைப் போட்டதும் வலது என்ஜின் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடுகிறது. எங்கே பார்ப்பது? (நீர்கொழும்பு வாசகர்)

முதலில் சிங்க்ரனைசரை அணைத்துவிட்டு, அதே வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அப்போதும் ஏறி இறங்கினால் கோளாறு என்ஜினில்: டீசல் ஃபில்டர் அடைப்பு, குழாயில் காற்று, கவர்னர் (வேகத்தை நிலையாக வைக்கும் பாகம்). இதைப் பார்க்காமல் ஆக்சுவேட்டரை (என்ஜின் வேகத்தை ஏற்றி இறக்கும் த்ராட்டிலைத் தள்ளும் பெட்டி) பிரிப்பது வீண் வேலை.

அணைத்ததும் சீராக ஓடினால் டிரைவ் கேபிளுக்கு வாருங்கள். ஒவ்வொரு என்ஜினிலிருந்தும் ஒரு கேபிள் சுழன்றபடி ஆக்சுவேட்டருக்குள் போகிறது. உள்ளே இருப்பது லாரி அச்சில் உள்ளதைப் போன்ற டிஃபரன்ஷியல். இரு பக்கமும் ஒரே வேகம் என்றால் வெளித்தண்டு அசையாது. வித்தியாசம் வந்தால் அந்தப் பக்கம் திரும்பி, பின்தொடரும் என்ஜினின் (முன்னோடி என்ஜினின் வேகத்துக்கு ஏற்ப ஓடுவது) த்ராட்டிலைத் தள்ளும். கேபிள் மடிந்திருந்தால் உட்கம்பி முறுக்கேறி, விட்டு, மறுபடி முறுக்கேறும். என்ஜின் சீராக ஓடினாலும் ஆக்சுவேட்டருக்கு அது வேக மாற்றமாகத்தான் தெரியும்.

என்ஜினை நிறுத்திவிட்டுக் கேபிளின் இரு முனையையும் கழற்றுங்கள். ஒரு முனையை விரலால் மெல்ல உருட்டினால் மறுமுனை கூடவே வழுவழுப்பாக உருள வேண்டும். நின்று, சட்டென்று துள்ளினால் உட்கம்பி மாற்ற வேண்டியதுதான். சதுர முனை உருண்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நல்ல கம்பியானால் துடைத்து, மெல்லிய பூச்சாக கிரீஸ் போதும்; ஆக்சுவேட்டர் பக்கம் அப்ப வேண்டாம், உள்ளே ஏறிவிடும்.

அடுத்து த்ராட்டில் கேபிள். என்ஜின் பக்கம் கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள். இறுக்கம் இருந்தாலும், பந்து மூட்டில் ஆட்டம் இருந்தாலும் ஆக்சுவேட்டர் தேவைக்கு மேல் தள்ளும், பிறகு பின்வாங்கும். கேபிள் வளைவின் ஆரம் 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

ஓர் எச்சரிக்கை: பின்தொடரும் என்ஜினின் டிரைவ் கேபிள் ஓடும்போது அறுந்தால், அந்த என்ஜின் நின்றுவிட்டதாக ஆக்சுவேட்டர் எடுத்துக்கொண்டு த்ராட்டிலைத் திறந்துகொண்டே போகும். முன்னோடி என்ஜினின் கேபிள் அறுந்தால் பின்தொடரும் என்ஜினை ஐடிலுக்கு (மிகக் குறைந்த வேகத்துக்கு) இறக்கும். இரண்டிலும் உடனே சுவிட்சை அணையுங்கள். துறைக்குள் நுழையும் முன்பும் இரு லீவரையும் சமமாக வைத்து அணைத்துவிட வேண்டும். சமமாக இல்லாவிட்டால் என்ஜின் சட்டென்று லீவர் இருக்கும் வேகத்துக்குத் தாவும்.

கேள்வி: வேகமாகப் போகும்போது மட்டும் ஒரு என்ஜின் பின்தங்குகிறது, ஏன்?

சிங்க்ரனைசரை அணைத்துவிட்டு இரண்டு என்ஜினையும் முழு த்ராட்டிலில் ஓட்டிப் பாருங்கள். ஒன்று 2800, மற்றது 2600 என்றால் சிங்க்ரனைசர் பாவம், என்ஜினிடம் இல்லாத சக்தியை எங்கிருந்து எடுக்கும்? ப்ரொப்பெல்லரில் சிப்பியோ கயிறோ, வளைந்த இறக்கையோ, அடைத்த காற்று ஃபில்டரோ இருக்கும். த்ராட்டில் கேபிள் முழுவதும் திறக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குள் சமன் செய்தே ஓட்ட நினைத்தால் அந்த என்ஜின் அதிகச் சுமையில் சூடாகும். சிங்க்ரனைசர் வேகத்தைத்தான் சமமாக்கும், சுமையை அல்ல. சரிசெய்யும் வரை, பலவீனமான என்ஜின் எட்டும் உச்சத்துக்கு 200 ஆர்.பி.எம்.மாவது கீழே ஓட்டுங்கள்.