தைம் விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: நடைபாதைக் கற்களுக்கு இடையில் படர்வதற்காகத் தைம் (thyme) என்ற மணமுள்ள மூலிகைச் செடியின் விதையை நேரடியாகத் தூவி மண்ணால் மூடினேன். ஒன்றுகூட வரவில்லை. விதை கெட்டதா?
– வாசகி, குன்னூர்

பதில்: விதைமேல் தவறு இருக்காது அம்மா. கோத்தகிரியில் நானும் முதல் தடவை அரை அங்குல மண் போட்டு மூடி, மொத்தத்தையும் இழந்தேன். தைம் விதை தூள் மாதிரி இருக்கும். ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். ஆழப் புதைந்தால் மேலே வர அதற்குத் தெம்பு கிடையாது.

அகலமான தட்டில் தென்னை நார்க்கழிவும் மணலும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். விதையை உலர்ந்த மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும், மூட வேண்டாம். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஊறவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் பொறுமை வேண்டும். முளைத்ததும் ஈரத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகிச் சாயும்.

குன்னூரில் பிப்ரவரியில் விதைப்பது நல்லது. ஐப்பசி மழைக்குள் செடி வேர் பிடித்திருக்கும். மூன்று அங்குலம் வளர்ந்ததும், முழு வெயில் படும் இடத்தில் 20 முதல் 30 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். களிமண்ணாக இருந்தால் சரளை கலக்காமல் நடவே வேண்டாம். முதல் வருடம் திட்டுத்திட்டாகத்தான் தெரியும், அப்புறம் கூடிவிடும். பூ முடிந்ததும் நுனியைக் கத்தரியுங்கள்.

சமவெளியில் இருக்கும் உங்கள் தங்கையும் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே தைமுக்குப் பதிலாக, தரையில் படரும் பொடுதலைச் செடிதான் என் பரிந்துரை. வெயிலும் மழையும் அதற்குப் பழக்கம்.