டர்பனிலிருந்து மதுரைக்கு: டிசம்பரில் கிளம்பலாமா?

குடும்பத்தோடு ஊர் திரும்ப டிசம்பரில் கிளம்பினால் மூத்தவளுக்குப் படிப்பில் நடுவில் ஒரு வருடம் வீணாகுமா என்று கேட்டிருந்தீர்கள். வீணாகாது, கிளம்புங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜனவரியில் தொடங்கும் வகுப்பு டிசம்பரில் முடிந்துவிடும், ஊரில் ஜூனில்தான் புது வகுப்பு, அந்த இடைவெளியில் பாட்டியிடம் உட்கார்ந்து தமிழ் எழுதப் பழகட்டும். ஏழு வயதில் ஆப்பிரிக்கான்ஸும் ஜூலுவும் படித்த பிள்ளைக்கு 'ழ' ஒரு பெரிய விஷயமா என்ன! போன வருடம் என் தங்கை குடும்பம் போனபோது அவள் மகனைப் பள்ளி ஆண்டின் நடுவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், பையன் தினமும் அழுதான்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது சின்னவனைப் பற்றித்தான். இங்கே பிறந்தவன் என்கிறீர்கள், அப்படியானால் பெற்றோர் விவரம் முழுதும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள், வந்ததும் பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறையிடம் அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அத்தாட்சி) வாங்கிவிடுங்கள், ஊருக்குப் போனபின் அங்கிருந்து இதைச் செய்வது பெரிய தலைவலி. தடுப்பூசிப் புத்தகத்தைக் கப்பலில் போகும் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், கைப்பையில் வையுங்கள்.

அப்புறம், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டியை விற்க வேண்டாம். இங்கத்திய பெரிய மூன்று முள் பிளக் ஊரில் ஏசிக்கு வைக்கும் சாக்கெட்டில் அப்படியே பொருந்தும்.