ஒரே ஆல்பம், அப்புறம் ஆளையே காணோம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், லேட் ஆஃப் தி பியர்னு ஒரு இங்கிலாந்து பேண்ட், தற்செயலா கேட்டேன், ஒரு வாரமா அதேதான் ஓடிட்டிருக்கு. அடுத்த ஆல்பம் தேடினா ஒண்ணும் சிக்கல. என்ன ஆச்சு இவங்களுக்கு?

பதில்: தேடாதீங்க, கிடைக்காது. 2008 ஆகஸ்ட்ல வந்த 'ஃபேன்டஸி பிளாக் சானல்' ஒண்ணே ஒண்ணுதான், 2010ல இன்னும் ரெண்டு பாட்டு விட்டாங்க, அதோட சத்தமில்லாம நின்னுபோச்சு. சாமுவேல் ஈஸ்ட்கேட், ஆண்ட்ரூ ஃபேலி, சாம் பாட்டர், ராஸ் டாசன்னு நாலு பசங்க, ஊரு கேஸில் டானிங்டன். ஊர் பேர் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? ஹெவி மெட்டல் ரசிகர்களுக்கு அது கோயில் மாதிரி, 1980லேர்ந்து 96 வரைக்கும் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் இசைத் திருவிழா நடந்ததும் அங்கதான், இப்போ டவுன்லோட் திருவிழா நடக்கறதும் அங்கதான். அப்படிப்பட்ட ஊர்லேர்ந்து சிந்தசைசரைத் தூக்கிட்டு வந்து ஜனங்களை ஆட வச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அதுவே பிடிச்சுப்போச்சு.

ஆல்பத்தைத் தயாரிச்சவர் ஏரல் ஆல்கன். லண்டன்ல திங்கக்கிழமை ராத்திரி ட்ராஷ்னு ஒரு க்ளப் நடத்தினாரே, 1997லேர்ந்து 2007 வரைக்கும், அவரேதான். கிட்டார் பாட்டு கேக்கறவனையும் டான்ஸ் பாட்டு கேக்கறவனையும் ஒரே தரையில ஆட விட்ட மனுஷன், இந்தப் பசங்களுக்கு அவரை விடப் பொருத்தமான ஆள் கிடைச்சிருக்க மாட்டார். 'பாத்ரூம் கர்கிள்' கேட்டிருப்பீங்கல்ல, வேகமா ஓடிட்டிருக்கற பாட்டு நடுவுல சடார்னு வேகம் குறைஞ்சு எழுபதுகளோட க்ளாம் ராக், அதான் பளபள உடுப்புல பகட்டா வாசிச்ச ராக், அது மாதிரி ஆடி அசைஞ்சு நடக்கும். ரெண்டு மூணு பாட்டுக்கான சரக்கை ஒரே பாட்டுல கொட்டிட்டாங்க. ஒரு ஆல்பத்துக்குள்ளயே இவ்வளவு செலவு பண்ணினா அடுத்ததுக்கு என்ன மிச்சம் இருக்கும்னு நான் விளையாட்டா சொல்றதுண்டு.

கேள்வி: இவங்களை 'நியூ ரேவ்'னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

பதில்: பாதி விளையாட்டு, பாதி பத்திரிகைக்காரங்க வேலை. க்ளாக்ஸன்ஸ்னு லண்டன் நியூ கிராஸ் பக்கத்து பேண்ட் ஒண்ணு, அவங்களைச் சுத்தி கிளம்பின பேரு, மியூசிக் பத்திரிகைகள் அதைப் பிடிச்சுக்கிட்டு கலர் சட்டை போட்ட அத்தனை பேர் மேலயும் ஒட்டிடுச்சு, கூட்டத்துல எல்லார் கையிலயும் ஒளிர்ற குச்சி வேற. க்ளாக்ஸன்ஸ் 2007ல, வருஷத்தோட சிறந்த ஆல்பத்துக்குன்னு பிரிட்டன்ல குடுக்கற மெர்க்குரி பரிசே வாங்கினாங்க, அதுவும் பாடகி ஏமி வைன்ஹவுஸோட 'பேக் டு பிளாக்' ஆல்பம் போட்டியில இருந்த வருஷம். ஆனா அடுத்த ஆல்பம் வர 2010 ஆயிடுச்சு, அதுக்குள்ள ஃபேஷன் மாறிடுச்சு, 2015ல கடையை மூடிட்டாங்க. அதே காலத்து இன்னொரு பேண்ட் டெஸ்ட் ஐசிகிள்ஸ் கதை இன்னும் மோசம், 2005ல ஒரு ஆல்பம், 2006ல கலைஞ்சாச்சு.

இசையா பாத்தா விஷயம் ரொம்ப சிம்பிள்: நாலு எண்ணிக்கைக்கும் கிக் ட்ரம், அதான் காலால அடிக்கற பெரிய ட்ரம், 'டும் டும்'னு விழணும், ரெண்டு டும்முக்கும் நடுவுல ஹை-ஹாட்ங்கற ஜோடித் தட்டு 'த்ஸ்'னு திறக்கணும், நிமிஷத்துக்கு சுமார் 120, 130 அடி, அதுக்கு மேல கிட்டாரை எப்படி வேணாலும் கத்த விடலாம், கால் தானா ஆடும். டிஸ்கோ காலத்து வித்தைதான். லேட் ஆஃப் தி பியர் இந்த அஸ்திவாரத்தையே அப்பப்போ உருவிடுவாங்க, அதனாலதான் ஒளிர்ற குச்சியெல்லாம் குப்பைக்குப் போனப்புறமும் நீங்க இதை ஒரு வாரமா கேக்கறீங்க.

கேள்வி: மறுபடி சேருவாங்களா?

பதில்: பழைய நாலு பேரா சேர வழியில்ல. ட்ரம்மர் ராஸ் டாசன் 2015ல இறந்துட்டாரு, சின்ன வயசு. அதே வருஷம்தான் ஈஸ்ட்கேட் தனியா எல்.ஏ. ப்ரீஸ்ட்ங்கற பேர்ல 'இன்ஜி' ஆல்பம் போட்டாரு, அடுத்த வருஷம் நியூசிலாந்துப் பாடகர் கானன் மொக்காஸினோட சேர்ந்து சாஃப்ட் ஹேர்ங்கற பேர்ல இன்னொரு ஆல்பம். ரெண்டும் நிதானமான சரக்கு, எடுத்தவுடனே ஆட்டம் போடலாம்னு எதிர்பாக்காதீங்க. முதல்ல 'இன்ஜி' கேளுங்க, ராத்திரி, ஹெட்ஃபோன்ல.