எண்ணெய் பாய்லருக்குப் பதில் என்ன வைக்கலாம்?

இங்கிலாந்தில் கேஸ் குழாய் வராத கிராமத்து வீட்டில் இருக்கிறீர்கள், வீட்டைச் சூடாக்கும் பழைய எண்ணெய் (மண்ணெண்ணெய்) பாய்லரை மாற்ற வேண்டும் என்கிறீர்கள். என் முதல் தேர்வு காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் 10 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் இருக்கிறது. பாய்லரில் வீணாவது போக 8.5 முதல் 9 யூனிட் வீட்டுக்கு வரும். ஹீட் பம்ப் நன்றாக அமைந்தால் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம் தரும். ஆக, ஒரு லிட்டர் எண்ணெயின் விலையையும் 3 யூனிட் மின்சாரத்தின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், செலவு புரிந்துவிடும். சாதாரண மின் ஹீட்டரில் 1-க்கு 1 தான், அதனால் முழு வீட்டுக்கு அது கட்டாது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ஹீட் பம்ப் ரேடியேட்டருக்கு அனுப்பும் தண்ணீர் பாய்லரைவிடச் சூடு குறைவு. அதனால் நல்ல குளிர் நாளில் பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வெப்பத்தை 50, 55 டிகிரிக்கு இறக்கிவிட்டு இரண்டு நாள் இருங்கள். வீடு கதகதப்பாக இருந்தால் இப்போதுள்ள ரேடியேட்டர்களே ஹீட் பம்புக்கும் பெரும்பாலும் போதும். குளிர்ந்த அறைகளில் மட்டும் பெரிய ரேடியேட்டர் மாட்டலாம். வெப்பம் வெளியேறாமல் தடுக்கப் பரணில் விரிக்கும் காப்பு 27 செ.மீ. தடிமனுக்குக் குறைவாக இருந்தால், தயவுசெய்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மரத்துகளை அழுத்திச் செய்த கட்டிகளை (பெல்லட்) எரிக்கும் பாய்லர் வைக்க உலர்ந்த சேமிப்பறை வேண்டும், சாம்பலும் அள்ள வேண்டும். எல்.பி.ஜி.யில் லிட்டருக்குச் சுமார் 7 யூனிட்தான். லிட்டர் விலை குறைவு என்று ஏமாந்துவிடாதீர்கள்.

அப்புறம், இங்கிலாந்து, வேல்ஸில் ஹீட் பம்புக்கு அரசு மானியம் உண்டு; 2023-இல் அதை 7,500 பவுண்டாக அறிவித்தார்கள். நிறுவுபவரே விண்ணப்பிப்பார். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடாமல் விலை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.