தமிழ்ச் சொல் விளையாட்டு எழுத எந்த நிரல்மொழி நல்லது? 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து எழுத்து என்கிறதே பைத்தான், ஏன்?

கேள்வி கேட்ட தம்பி கல்லூரி மாணவர். கட்டங்களில் ஒவ்வோர் எழுத்தாக நிரப்பிச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றைப் பைத்தானில் எழுதத் தொடங்கியிருக்கிறார். 'தமிழ்' என்ற சொல்லுக்கு மூன்று கட்டம் வர வேண்டிய இடத்தில் ஐந்து கட்டம் வருகிறது. பைத்தானை விட்டுவிட்டு வேறு மொழிக்குப் போகலாமா என்று கேட்கிறார்.

போக வேண்டாம் தம்பி. கையில் பழகிய மொழியிலேயே எழுதுங்கள். ஆனால் அந்த ஐந்து எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். நான் நிரல் எழுதிப் பிழைக்கத் தொடங்கிப் பதினான்கு வருடம் ஆகிறது. முதல் சில வருடம் இதைத் தெரிந்துகொள்ளாமலே ஓட்டினேன். அதனால் சங்கடப்பட்டவர்கள் வேறு யாரோ. அதைப் பிறகு சொல்கிறேன்.

நமக்கு 247 எழுத்து. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுத் தரம் யூனிகோட். அதில் தமிழுக்கு ஒதுக்கிய முதன்மைத் தொகுதியில் மொத்தமே 128 இடம்தான், அதிலும் பல இடங்கள் காலி. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் கிடையாது. க, ச, த போன்ற அகரமேறிய எழுத்துகளுக்கு ஒவ்வோர் எண், கால், கொம்பு, கொக்கி போன்ற குறிகளுக்குத் தனி எண், புள்ளிக்கு ஓர் எண். ஆகவே 'தமிழ்' என்பது கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைத்தான் எண்ணிச் சொல்வது இந்த ஐந்தைத்தான்.

நம் இலக்கணத்தில் மெய்தான் அடிப்படை. 'க்' மேல் அகரம் ஏறினால் 'க'. கணினியில் இது தலைகீழ்: 'க' அடிப்படை, புள்ளி வைத்தால் அகரம் நீங்கி 'க்'. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டகம் என்று 1980களில் இஸ்கி என்ற தரத்தை வகுத்தார்கள். யூனிகோட் அதன் 1988 வடிவத்தை ஒட்டித்தான் தமிழுக்கும் இடம் ஒதுக்கியது. அந்தச் சட்டகத்தின் அளவு தேவநாகரிக்கு எடுத்தது, நமக்கு அங்கங்கே பிடிக்கிறது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்16 என்ற குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்ததும் இந்தக் குறையால்தான். ஆனால் உலகம் முழுக்க யூனிகோடில் ஓடும்போது நாமும் அதில்தான் ஓட வேண்டியிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. 128 இடத்தை வைத்துக்கொண்டே எல்லாத் தமிழையும் எழுத முடிகிறது. எண்ணும் வேலையை மட்டும் நாம் கவனமாகச் செய்ய வேண்டும்.

சரி, மற்ற மொழிகள் என்ன சொல்கின்றன? ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரூபி மூன்றும் பைத்தான் போலவே 5 என்கின்றன. கோ, ரஸ்ட் இரண்டிலும் நீளம் கேட்டால் 15 வரும். அவை பைட்டுகளை, அதாவது கணினி நினைவகத்தின் சிறு அலகுகளை, எண்ணுகின்றன. யூனிகோட் எண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஸ்விஃப்டும் எலிக்ஸரும் நேராக 3 என்கின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அலகை யூனிகோட் தரத்தில் கிராஃபீம் என்பார்கள். இந்த இரண்டு மொழிகளும் அதைத்தான் எண்ணுகின்றன.

ஸ்விஃப்டில் முதன்முதலாக 3 வந்ததைப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்து இருக்கையில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த மொழியைப் பற்றி நண்பர்கள் சொல்லும் குறை, ஐந்தாவது எழுத்து எது என்று நேரடியாக எண் போட்டுக் கேட்க முடியவில்லை, சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, முதலிலிருந்து நடந்து எண்ணுவதால் நேரம் பிடிக்கிறது என்பது. உண்மைதான். ஆனாலும் வேகமாகக் கிடைக்கும் தப்பான விடையைவிட மெதுவாகக் கிடைக்கும் சரியான விடை மேல் என்று அந்த மொழியை வடிவமைத்தவர்கள் முடிவெடுத்தார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்திருந்தால் அவர்கள் அதற்கு மெனக்கெட்டிருக்கவே வேண்டாம்.

பைத்தானில் நீளத்தைவிடப் பெரிய பள்ளங்கள் இருக்கின்றன. 'விகடகவி' என்று கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா என்றால் இல்லை என்று சொல்லும். திருப்பிய சரம் இகரக் குறியில் தொடங்கும். பிடித்துக்கொள்ள எழுத்து இல்லாமல் அது புள்ளிவட்டம் ஒன்றின் மேல் தொங்கும். மாலைமாற்று பாடிய மொழிக்கு இப்படி ஒரு நிலை.

இதைவிட மோசமானது ரெஜெக்ஸ், அதாவது உரைக்குள் ஒரு வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் கருவி. ஒரு பத்தியைச் சொல் சொல்லாகப் பிரிக்கப் பின்சாய்கோடு டபிள்யூ (\w) என்ற குறியை எல்லோரும் பயன்படுத்துகிறோம். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் நூலகம் (தயாராக எழுதிவைத்த நிரல் தொகுப்பு), உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே ஏற்றுக்கொள்வதில்லை. 'தமிழ்' என்று கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு கிடைக்கும். கொக்கியும் புள்ளியும் காணாமல் போய்விடும். இயந்திரக் கற்றல் படிப்பவர்கள் எல்லோரும் தொடும் சைகிட்-லேர்ன் நூலகத்தில், சொற்களை எண்ணும் கருவி இயல்பாகவே இந்தக் குறியைத்தான் நம்பியிருக்கிறது. போதாததற்கு ஒற்றை எழுத்தாக வருவதை அது தள்ளிவிடும். ஆகவே 'தமிழ்' அங்கே 'தம' ஆகிவிடுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது, நிரல் அமைதியாக ஓடி முடியும். தமிழ்ச் செய்திகளை வகைப்படுத்தும் திட்டம் ஒன்றை ஒரு மாணவி என்னிடம் கொண்டுவந்தார். துல்லியம் குறைவாக இருக்கிறது, எந்த மாடல் போடலாம் என்று கேட்டார். அவருடைய சொற்பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு சொல்கூடத் தமிழாக இல்லை. மூன்று மாத உழைப்பு அது. அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கும் மனசு ஆறவில்லை.

எழுத்துதானா என்று சோதிக்கும் பைத்தான் ஃபங்ஷனும் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) இப்படித்தான். 'அருண்' என்ற பெயரைக் கொடுத்தால் எழுத்து அல்லாத ஏதோ இருக்கிறது என்று சொல்லும், உகரக் குறியும் புள்ளியும் அதற்கு எழுத்து இல்லை. இதை நம்பி எழுதிய விண்ணப்பப் படிவத்தில் அநேகமாக எந்தத் தமிழ்ப் பெயரும் தேறாது.

இப்போது நான் சொல்லவந்த கதை. எங்கள் குழு ஒருமுறை ஊர் நூலகம் ஒன்றின் உறுப்பினர் பதிவேட்டைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிக் கொடுத்தது. பழைய பதிவுகள் எல்லாம் யூனிகோட் வருவதற்கு முந்தைய ஃபான்ட் ஒன்றில் தட்டச்சு செய்தவை. அந்தக் கால ஃபான்ட்களில் 'கோ' என்பது மூன்று தட்டு: இரட்டைக் கொம்பு, க, கால். மாற்றும் நிரலை நான்தான் எழுதினேன். கொம்பை எடுத்து எழுத்துக்குப் பின்னால் வைத்தேன், காலை இருந்த இடத்தில் விட்டேன். திரையில் 'கோ' அழகாகத் தெரிந்தது. வேலை முடிந்தது என்று ஒப்படைத்தேன்.

யூனிகோடில் ஓகாரக் குறிக்கு ஒரே எண்ணாக ஒரு வடிவம் உண்டு. கொம்பும் காலும் தனித்தனியாக நின்று சேர்ந்து தெரியும் வடிவமும் உண்டு. இரண்டும் ஒன்றே என்றுதான் தரம் சொல்கிறது, கண்ணுக்கும் ஒன்றே. ஆனால் கணினி ஒப்பிடும்போது எண்களை ஒப்பிடுகிறது. கவுன்டரில் இருப்பவர் 'கோமதி' என்று புதிதாகத் தட்டினால் ஒற்றை எண் வடிவம் போகும், பதிவில் இருப்பதோ இரட்டை வடிவம். விடை: பதிவு இல்லை. கோமதி, மோகன், சோமு, கொடியரசு என்று ஒகர ஓகாரம் வரும் பெயருள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் நூலகத்திலிருந்து காணாமல் போனார்கள்.

பிழையைப் பார்க்க நான் போயிருந்தபோது வயதான அம்மா ஒருவர் கையில் இரண்டு புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார். "லிஸ்ட்ல உங்க பேரு இல்லம்மா" என்றார் கவுன்டரில் இருந்தவர். "முப்பது வருஷமா வர்றேன் தம்பி" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான். அந்தப் பெயர் உள்ளேதான் இருந்தது. நான் அதைத் தேட முடியாத வடிவத்தில் போட்டு வைத்திருந்தேன். அன்று இரவே சரிசெய்தேன். பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற நூலகத்தில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. சேரும் குறிகளை ஒரே எண்ணாக்கும் என்எஃப்சி வடிவத்தில் அதை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே வரி! அதற்கப்புறம் எந்த மொழியில் எழுதினாலும், வெளியிலிருந்து வரும் தமிழை முதலில் இந்த வரி வழியாக அனுப்பிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறேன்.

அந்த வரியால் தீராததும் இருக்கிறது. 'கௌரி' என்ற பெயரைப் பாதிப் பேர் 'கெளரி' என்று ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டுத் தட்டுகிறார்கள். பார்க்க ஒன்று, உள்ளே வேறு. 'ஒளவையார்' என்பதும் அப்படியே. 'ஸ்ரீ' வேறு, ஸகரத்தில் தொடங்கும் வடிவம் ஒன்றும் ஶகரத்தில் தொடங்கும் வடிவம் ஒன்றுமாகச் சுற்றுகிறது. இவற்றை எந்த மொழியும் உங்களுக்காகத் தீர்த்துவைக்காது, நீங்களே விதி எழுத வேண்டும். அகரவரிசையும் இப்படித்தான். எண் வரிசைப்படி அடுக்கினால் ற, ல-வுக்கு முன்னால் வருகிறது, ன, ப-வுக்கு முன்னால் வருகிறது. 'மறை' முதலில், 'மலை' அப்புறம் என்று பட்டியல் வந்தால் எந்த அகராதிப் பழக்கம் உள்ளவரும் முகம் சுளிப்பார். ஐசியு என்ற நூலகத்தில் தமிழ் வரிசை இருக்கிறது, பைத்தானிலிருந்தும் அதைக் கூப்பிடலாம்.

தமிழிலேயே மாறிகளுக்குப் பெயர் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லா மாணவர்களும் கேட்கிறார்கள். பைத்தான் 3-இல் வைக்கலாம், 'வயது' என்று எழுதி அதற்கு 20 என்று மதிப்புக் கொடுத்தால் ஓடும். ரஸ்டில் 2021 முதல் முடிகிறது. கோ மொழியில் முடியாது. பெயரில் எழுத்தும் எண்ணும்தான் வரலாம் என்பது அதன் விதி, நம் குறிகளும் புள்ளியும் அந்தக் கணக்கில் இல்லை. குறி இல்லாத பெயராகப் பார்த்து வைத்தாலும், வேறு பொதியிலிருந்து (நிரல் தொகுப்பிலிருந்து) கூப்பிட முதலெழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும் என்கிறது. நமக்குப் பெரிய எழுத்து ஏது? கோ எனக்குப் பிடித்த மொழி, அலுவலகத்தில் தினமும் அதில்தான் எழுதுகிறேன். இந்த ஒரு விஷயத்தில் அது செய்தது சரியில்லை என்றே சொல்வேன்.

அதே சமயம் நல்ல திசையிலும் போகிறோம். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற செயற்கை நுண்ணறிவு மாடல் வந்தபோது ஓப்பன்ஏஐ வெளியிட்ட எடுத்துக்காட்டில், ஒரு தமிழ் வாக்கியம் 116 டோக்கனிலிருந்து 35-ஆகக் குறைந்திருந்தது. டோக்கன் என்பது அந்த மாடல் உரையை வெட்டிக்கொள்ளும் துண்டு. டோக்கன் கணக்கில் காசு வாங்கும் சேவைகளில் நாம் அதுவரை எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். குறுஞ்செய்தியிலும் அதே கதைதான்: ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் ஒரு செய்தியில் தமிழுக்கு 70 குறிதான். பிரவுசர்களில் கிராஃபீம் பிரிக்கும் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி குரோமில் 2020-இலேயே வந்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல் வந்தது. உங்கள் விளையாட்டை வலைப்பக்கமாகவும் போட நினைத்தால் தனி நூலகமே வேண்டாம்.

பைத்தானுக்கு இரண்டு வழி. ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நூலகத்தில் கெட்-லெட்டர்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. தமிழர்கள் தமிழுக்காக எழுதியது. 'தமிழ்' கொடுத்தால் த, மி, ழ் என்று பட்டியலாகத் தரும். இல்லையென்றால் ரெஜெக்ஸ் என்ற பெயரிலேயே தனியாக நிறுவும் நூலகம், அதில் பின்சாய்கோடு பெரிய எக்ஸ் போட்டால் கிராஃபீம்கள் கிடைக்கும். எதை எடுத்தாலும் 'எழுத்துகள்' என்று உங்கள் ஃபங்ஷன் ஒன்றை முதல் நாளே எழுதி அதற்குள் வையுங்கள். நீளம், திருப்புதல், ஒப்பிடுதல் எல்லாம் அது தரும் பட்டியலின் மேல்தான் நடக்க வேண்டும்.

அப்புறம் நீங்களே முடிவெடுக்க வேண்டிய ஒன்று பாக்கி. 'பக்ஷி' என்ற சொல்லைக் கிராஃபீம் கணக்கு மூன்றாகப் பிரிக்கும்: ப, க், ஷி. ஸ்விஃப்டும் அப்படித்தான் சொல்லும். விளையாடுகிறவர் கண்ணுக்கோ க்ஷி ஒரே எழுத்து. நான் என்றால் 'க்ஷ' வரிசையை ஒரே கட்டமாக வைப்பேன், 'ஸ்ரீ'யையும் அப்படியே. உங்கள் பாட்டியிடம் ஒரு தாளைக் கொடுத்து 'லக்ஷ்மி'யைக் கட்டம் கட்டமாக எழுதச் சொல்லிப் பாருங்கள். அவர் எத்தனை கட்டம் எடுக்கிறாரோ அதையே உங்கள் ஃபங்ஷனும் தரட்டும்.